வீட்டுக்குள் இருந்தவர்கள்: பிரிட்டிஷ் கொலம்பியா, ஜூன் 2021

வெயில் சாவு என்றால் உச்சிவெயிலில் ரோட்டோரம் சுருண்டு விழுந்தவர்தான் நம் நினைவுக்கு வருவார். கட்டட வேலைக்குப் போனவர், வயலில் நின்றவர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர். அதனால்தான் ஒவ்வொரு ஏப்ரலிலும் அதே அறிவுரை: மதியத்தில் வெளியே போகாதீங்க, வீட்டுக்குள்ளேயே இருங்க. வெளியே அலைகிறவர்களுக்கு அது உயிர்காக்கும் அறிவுரை. ஆனால் வயதானவர்களிடமும் மாற்றுத்திறனாளிகளிடமும் படுத்த படுக்கையாக இருப்பவர்களிடமும் அதையே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு, 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே அந்த வெப்ப அலையில் இறந்தவர்கள் 619 பேர். அவர்களில் 98 சதவீதம் பேர் நான்கு சுவருக்குள் இருந்தபோதே இறந்தார்கள்.

அந்த ஒரு வாரம்

வான்கூவர் பக்கம் ஜூன் மாதப் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வீடுகளும் அதற்குத் தகுந்தபடி கட்டப்பட்டவை. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் கதகதப்பு வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் அங்கே கணக்கு. அப்போது ஏசி இருந்த வீடுகள் பாதிக்கும் குறைவு.

ஜூன் 25 வாக்கில் உயரழுத்தக் காற்றுமண்டலம் ஒன்று அந்தப் பகுதியின் மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொண்டது. மேலிருந்து அழுத்தப்பட்ட காற்று சூடேறியது. மேகம் இல்லை. ஆண்டிலேயே பகல் பொழுது நீளமாக இருக்கும் நாட்கள் அவை, சூரியன் மறைய இரவு 9 மணிக்கு மேல் ஆகும். லிட்டன் என்ற சிற்றூரில் ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவானது. அதற்கு முன் கனடாவில் பதிவான உச்சம் 1937-இல் சஸ்காட்செவன் மாகாணத்தில் கண்ட 45 டிகிரி. மறுநாளே காட்டுத்தீ வந்து லிட்டனின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. மனிதர்களால் ஏற்பட்ட புவி வெப்பமடைதல் இல்லாமல் இப்படி ஒரு வெப்பம் வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று வெப்ப அலைகளின் காரணத்தை ஆராயும் பன்னாட்டு அறிவியலாளர் குழு சில நாட்களிலேயே கணக்கிட்டுச் சொன்னது.

உலகம் முழுக்கச் செய்தியானது லிட்டன். ஆனால் சாவு குவிந்தது வான்கூவரையும் அதைச் சுற்றியுள்ள நகரங்களையும் சேர்ந்த வீடுகளில். எச்சரிக்கை வராமல் இல்லை. கனடா வானிலைத் துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. அந்த எச்சரிக்கைக்கும் அரசு அலுவலகங்களும் மக்களும் அசைந்ததற்கும் நடுவே நாட்கள் ஓடிவிட்டன. ஜூன் 28, 29 தேதிகளில் 911 அவசர எண்ணுக்கு வந்த அழைப்புகள் வழக்கத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இறந்தவர்களில் 17 பேருக்காக அழைத்தவர்கள் தொலைபேசியில் நெடுநேரம் காத்திருக்க வைக்கப்பட்டார்கள். 50 பேர் விஷயத்தில் மருத்துவ உதவியாளர்கள் வந்து சேர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆனது.

யார் அந்த 619 பேர்?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் திடீர் மரணங்களை விசாரிக்க மாகாண மரண விசாரணை அலுவலகம் என்று தனி அமைப்பு உண்டு. தலைமை அதிகாரியாக அப்போது இருந்தவர் லிசா லபாயின்ட். ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாகப் பார்த்து, பிறகு ஒரு நிபுணர் குழுவை உட்காரவைத்து, 2022 ஜூனில் அறிக்கை வெளியிட்டார்கள். "மாரடைப்பு, வயசாயிடுச்சு" என்று எழுதி முடித்துவிடாமல், அறையில் எவ்வளவு சூடு இருந்தது, ஃபேன் ஓடியதா, யாருடன் வசித்தார் என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்த அந்த உழைப்பால்தான் இன்று நம்மால் இதைப் பற்றிப் பேச முடிகிறது.

இறந்தவர்களில் 67 சதவீதம் பேர் 70 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். 56 சதவீதம் பேர் தனியாக வசித்தவர்கள். மிகப் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே நாள்பட்ட நோய்கள் இருந்தன. வீட்டில் போதுமான குளிர்ச்சி வசதி இல்லை. வசதி குறைந்த, மரங்கள் குறைந்த குடியிருப்புகளில் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது.

இதில் என்னை உலுக்கிய தகவல் வேறு. 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் ஒரு மருத்துவரையோ வேறொரு மருத்துவப் பணியாளரையோ பார்த்திருக்கிறார்கள். ஆக, இவர்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தவர்கள் அல்ல. ரத்த அழுத்தம் பார்த்திருப்பார்கள், சர்க்கரை பார்த்திருப்பார்கள், மாத்திரை மாற்றி எழுதியிருப்பார்கள். "உங்க ரூம்ல கோடையில எவ்வளவு சூடு இருக்கும்? அதிகமானா எங்க போவீங்க? யார் வந்து பாப்பாங்க?" என்ற கேள்வி அந்தச் சந்திப்பின் வழக்கமான பகுதியாக இல்லை.

இன்னொன்றையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. மாகாண நோய்க்கட்டுப்பாட்டு மையம், எந்த நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து எவ்வளவு கூடியது என்று தனியாக ஆராய்ந்தது. இதய நோயோ சிறுநீரக நோயோ முதலிடத்தில் இருக்கும் என்றுதான் பலரும் நினைப்போம். முதலிடத்தில் இருந்தது ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய். அது இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் சுமார் 3 மடங்கு. உடலின் வெப்பக் கட்டுப்பாட்டைக் குலைக்கும் மாத்திரைகள், வறுமை, தனிமை, "எனக்கு முடியவில்லை" என்று உணர்வதிலேயே இருக்கும் சிக்கல் எல்லாம் அங்கே ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இயலாமை என்றதும் சக்கர நாற்காலியை மட்டும் நினைக்கிற நம் பழக்கத்தை இந்த முடிவு கட்டாயம் மாற்ற வேண்டும்.

அந்த உடல்களுக்கு ஏன் தாங்கவில்லை?

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இரண்டு வழிதான் வைத்திருக்கிறது. ரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து சூட்டை வெளியே விடுவது ஒன்று. வியர்த்து, அந்த வியர்வை ஆவியாகும்போது குளிர்வது இன்னொன்று. முதலாவதற்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். பலவீனமான இதயத்துக்கு அது மணிக்கணக்கில் ஓடுவதற்குச் சமம், கட்டிலில் படுத்திருந்தாலும்கூட. வயதாக ஆக வியர்வை குறையும், தாக உணர்வும் மங்கும். "தாகமா இருந்தா கேக்க மாட்டாங்களா?" என்று நினைத்துக்கொண்டிருப்போம். உடம்பில் தண்ணீர் குறைந்த பிறகும் அவர்களுக்குத் தாகமே எடுக்காமல் இருக்கலாம்.

கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வையே சரியாக வராது. உடம்பின் பெரும்பகுதிக்குக் குளிர்விக்கும் வழி அடைபட்டுவிட்டது என்று பொருள். மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடல் வெப்பம் சற்றே கூடினாலும் பார்வை மங்கும், கை கால் தளரும். மறதி நோய் வந்தவர் மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்கின்சன் எனும் நடுக்குவாதம் உள்ளவருக்கு எழுந்து போய் ஜன்னல் திறப்பதே பெரிய வேலை.

மாத்திரைகளும் சேர்ந்துகொள்ளும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை உடலின் தண்ணீரைக் குறைக்கும். சில ரத்த அழுத்த மாத்திரைகள் இதயத்தை வேகமெடுக்க விடாது. மனநோய்க்கும் பார்கின்சனுக்கும் கொடுக்கும் சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடி நஞ்சாகும் அபாயம் உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அதுவும் ஆபத்து. கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சீட்டைக் காட்டி, "வெயில் காலத்துக்கு இதுல ஏதாவது மாத்தணுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம்?" என்று கேட்டுக்கொள்வதுதான் வழி. இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

தண்ணீர் விஷயத்தில் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராத ஒன்றை என் பெரியம்மாவிடம்தான் தெரிந்துகொண்டேன். பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்து இருந்த அவர், சொம்பை நீட்டினால் "அப்புறம் குடிக்கிறேன்பா, அங்க வை" என்பார். சொம்பு அப்படியே இருக்கும். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அதற்கு ஒருவரைக் கூப்பிட வேண்டும், இரவில் எழுப்ப வேண்டும். அந்தக் கூச்சத்தில் நாக்கு வறண்டு கிடந்தார். கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி போட்டு, "எப்ப வேணும்னாலும் எழுப்புங்க பெரியம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் சொம்பு காலியாக ஆரம்பித்தது. ஆக, தண்ணீர் குடிக்காத ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியது கழிப்பறையைப் பற்றி.

இரவு 9 மணி அறை

பிரிட்டிஷ் கொலம்பியா நிகழ்வில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அறையின் கடிகாரத்தைப் பற்றித்தான். வெளியே வெப்பம் உச்சத்தைத் தொடுவது பிற்பகலில். சுவரும் கூரையும் அந்தச் சூட்டைக் குடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே விடும். அதனால் வீட்டுக்குள் உச்சம் வருவது இரவு 8 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே. வெளியே இருப்பவர் "அப்பாடா, காத்து வந்துடுச்சு" என்று சொல்லும் நேரம், உள்ளே இருப்பவருக்கு நாளின் மிக மோசமான நேரம். மேற்கே பார்த்த ஜன்னல், மேல்மாடி என்றால் இன்னும் மோசம். மூன்றாவது நாள், நான்காவது நாள் என்று போகும்போது அறை முந்தைய நாளின் சூட்டிலிருந்தே மறுநாளைத் தொடங்கும். உடம்பும் அப்படித்தான்.

காலையில் ஒரு போன் போட்டு "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றே பதில் வரும், அது பொய்யும் இல்லை. அதனால்தான் அந்த மாகாணத்தின் சுகாதார வழிகாட்டல் இப்போது, ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது பாருங்கள், அதில் ஒன்று மாலையிலோ இரவிலோ இருக்கட்டும் என்கிறது. அறை 26 டிகிரிக்குள் இருந்தால் பாதுகாப்பு, 31 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பலவீனமான உடலுக்கு ஆபத்து என்று எண்ணாகவே சொல்கிறது.

நேரில் போகிறவர் கவனிக்க வேண்டியவை பெரிய மருத்துவ அறிவு தேவைப்படாதவை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் சூடு. சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் காட்டும் எண். காலையில் வைத்த தண்ணீர் குறைந்திருக்கிறதா, சாப்பாடு தொட்டிருக்கிறதா. வாய் உலர்ந்திருக்கிறதா. சிறுநீர் எப்போது போனார், என்ன நிறம். எல்லாவற்றையும்விட, பேச்சு. நேற்று வரை கோவையாகப் பேசியவர் இன்று கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தூக்கக் கலக்கமாகவே இருந்தால், நிற்கத் தடுமாறினால், "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று திரும்பி வரக் கூடாது. வெப்பம் மூளையைத் தொட்டுவிட்டது என்பதன் அறிகுறி அது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும் வரை துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஃபேன், ஏசி, குளிர்மையம்

"ஃபேன் ஓடுதே, அப்புறம் என்ன?" என்ற எண்ணம் அங்கேயும் இருந்தது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிடக் குறைவாக இருக்கும் வரை, அதாவது 35 டிகிரிக்குள், ஃபேன் நல்ல துணை. அதைத் தாண்டினால் சூடான காற்றையே உடம்பின் மேல் தள்ளுகிறது. நன்றாக வியர்க்கும் இளைஞருக்கு அப்போதும் பலன் இருக்கலாம், வியர்வை குறைந்த முதியவருக்கு இல்லை. ஒட்டாவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் முதியவர்களை 36 டிகிரி அறையில் மணிக்கணக்கில் உட்காரவைத்துப் பார்த்தபோது, ஃபேன் அவர்களின் உள் உடல் வெப்பத்தைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. வியர்வை வராத உடம்புக்கு அந்த ஈரத்தை நாம்தான் தர வேண்டும். கையிலும் காலிலும் கழுத்திலும் தண்ணீர் தெளித்து அதன் மேல் ஃபேன் காற்று படச் செய்வது, நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டைப் போர்த்துவது, பாதங்களைத் தண்ணீர் நிறைந்த வாளியில் வைப்பது எல்லாம் அந்த வகை.

அதே பல்கலைக்கழகம் குளிர்மையங்களையும் சோதித்தது. வெப்ப அலையின்போது நூலகத்தையோ சமூகக் கூடத்தையோ ஏசி போட்டுத் திறந்துவிடுவது பல நகரங்களின் வழக்கம். முதியவர்கள் சிலரை 9 மணி நேரச் சூட்டின் நடுவே 2 மணி நேரம் குளிர்ந்த அறையில் வைத்தார்கள். உடல் வெப்பம் இறங்கியது. மறுபடி சூட்டுக்குத் திரும்பியதும், கொஞ்ச நேரத்தில், குளிர் அறைக்கே போகாதவர்களின் நிலைக்கு ஏறிவிட்டது. இதைச் சொல்வது குளிர்மையம் வேண்டாம் என்பதற்காக அல்ல. அங்கே போய்வருவதற்கே ஒருவரின் கையைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு, லிஃப்ட் இல்லாத மாடியில் இருப்பவர்களுக்கு, அதுவே முழுத் தீர்வாகாது. அவர்கள் இரவெல்லாம் படுத்திருக்கும் அந்த ஓர் அறையாவது குளிர வேண்டும்.

விசாரணைக் குழுவும் அங்கேதான் வந்து நின்றது. ஆபத்து மிகுந்தவர்களுக்குக் குளிர்விக்கும் சாதனத்தை மருத்துவ உபகரணமாகவே கருதிக் கொடுக்க முடியுமா என்று ஆராயச் சொன்னது. 2023-இல் மாகாண அரசு, வருமானம் குறைந்தவர்களுக்கும் உடல்நிலை பலவீனமானவர்களுக்கும் 8,000 சிறிய ஏசிகளை இலவசமாகத் தர 1 கோடி கனடிய டாலர் ஒதுக்கியது. மறு ஆண்டு இன்னும் 2 கோடி டாலர் சேர்த்தது. 2024 முதல், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறையாவது 26 டிகிரியைத் தாண்டாதபடி வடிவமைக்க வேண்டும் என்று கட்டட விதியும் வந்தது. நல்ல மாற்றங்கள். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர் அந்த இலவச ஏசியைப் பெற வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. உயிர் காக்கும் கருவிக்கு இன்னொருவரின் கையெழுத்து தேவைப்படுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பிரான்ஸ் 2003 ஆகஸ்டில் சுமார் 15,000 பேரை வெப்பத்துக்குப் பறிகொடுத்த நாடு. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். அதற்குப் பின் வந்த சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், எச்சரிக்கை வந்ததும் அங்கிருந்து அழைத்து விசாரிப்பார்கள். முதியோர் இல்லங்களில் குளிரூட்டப்பட்ட ஒரு பொது அறையாவது இருக்க வேண்டும் என்பதும் அதன் பின்னர் வந்த ஏற்பாடுதான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021-இல் கையில் அப்படி ஒரு பட்டியல் இல்லை.

நம் ஊர் வீடுகளும் நம் பட்டியலும்

வெயில் நமக்குப் புதிதில்லை, உடம்பு பழகியது என்பது ஓரளவு உண்மை. ஆனால் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் அறையும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடும் இரவில் என்ன செய்யும் என்று அதில் படுத்தவர்களுக்குத் தெரியும். அதில் படுத்த படுக்கையாக இருப்பவர், பெரும்பாலும் ரெக்சின் உறை போட்ட மெத்தையில், டயப்பரோடு, முதுகு முழுக்க வியர்வை தேங்கக் கிடக்கிறார். மெத்தை மேல் தடித்த பருத்தி விரிப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, முடிந்தவர்களுக்கு மாலையில் சில மணி நேரம் காற்று கீழிருந்தும் வரும் கயிற்றுக் கட்டில், மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு, வீட்டிலேயே வெயில் படாத கீழ்த்தள அறைக்குக் கட்டிலை மாற்றுவது என்று செய்ய முடிந்தவை நிறைய. சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். "புழுக்கமா இருக்கு" என்று சொல்லத் தெரியாதவருக்காக அது சொல்லும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் அறிவித்தது. இறந்த பிறகான உதவி அது. இறக்கும் முன் போய்ப் பார்ப்பதற்கு நாம் புதிதாக ஒரு பட்டியலைத் தொடங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடிப் போய் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைக் கொடுக்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிநிவாரணச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் போகிறார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் எழ முடியாமல் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 60 சதவீதம் பேரிடம் கேட்கப்படாமல் போன கேள்வியை மார்ச் மாதச் சந்திப்பிலேயே கேட்டு, யார் வீட்டு அறை சூடேறும் என்று குறித்துக்கொள்ளலாம். எச்சரிக்கை வரும் நாட்களில் அந்த வீடுகளுக்கு மட்டும் மாலை 7 மணிக்கு மேல் பக்கத்து வீட்டாரோ தன்னார்வலரோ ஒரு எட்டு போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யலாம், அதற்கான படித்தொகையையும் சேர்த்து. அவர்களின் பையில் ரத்த அழுத்தக் கருவியோடு அறை வெப்பம் பார்க்கும் ஒரு தெர்மாமீட்டரும், நான்கைந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் இருக்கட்டும்.